தருக்க வடிவம்: ஒரு வாதத்தின் உள்ளமைப்பைக் கண்டெடுக்க முழுமையான வழிகாட்டி

மொரீஷியஸின் ஆட்சிமொழி எது என்று இங்கே கேட்டால் பெரும்பாலும் ஆங்கிலம் என்றே பதில் வரும். எப்படித் தெரியும் என்றால், அரசியலமைப்பிலேயே இருக்கிறதே என்பார்கள். 1968இல் எழுதப்பட்ட அரசியலமைப்பின் 49ஆம் பிரிவு சொல்வது இவ்வளவுதான்: சட்டமன்றத்தின் ஆட்சிமொழி ஆங்கிலம், ஆனால் எந்த உறுப்பினரும் அவைத்தலைவரிடம் பிரெஞ்சில் பேசலாம். நாட்டின் ஆட்சிமொழியைப் பற்றி அதில் ஒரு சொல்லும் கிடையாது. மன்றத்தைப் பற்றிய கூற்றிலிருந்து நாட்டைப் பற்றிய முடிவுக்குத் தாவியிருக்கிறோம். தாவியதே தெரியவில்லை, இரண்டு வாக்கியங்களும் காதில் ஒன்றுபோல விழுகின்றன.

இப்படிப்பட்ட தாவல்களைப் பிடிப்பதற்கான கருவிதான் தருக்க வடிவம். ஒரு கூற்றில் யாரைப் பற்றி, எதைப் பற்றி என்பதையெல்லாம் விலக்கிய பிறகு, அதிலிருந்து எது தொடரும், எது தொடராது என்பதைத் தீர்மானிக்கும் அமைப்பு எஞ்சி நிற்கும். அந்த அமைப்புக்கே இந்தப் பெயர். இலக்கண அமைப்பும் இதுவும் பல இடங்களில் ஒத்துப்போகும்; ஒத்துப்போகாத இடங்களில்தான் தத்துவவாதிகளுக்கு வேலை. கீழே உள்ள படிகளை வரிசையாகவே செய்து பாருங்கள். கையில் ஒரு தாளும் பென்சிலும் இருந்தால் நல்லது. மனக்கணக்காகச் செய்ய முயன்றால் மூன்றாம் படியிலேயே குழம்பிவிடும்.

படி 1: முடிவை முதலில் தேடுங்கள்

எந்த வாதத்திலும் நிறுவ விரும்பும் கூற்று ஒன்று இருக்கும், அது முடிவு. அதற்குத் துணையாக நிற்பவை எடுகூற்றுகள். ‘ஆகவே’, ‘எனவே’ என்று வந்தால் அடுத்து வருவது முடிவு. ‘ஏனென்றால்’ வந்தால் முடிவு அதற்கு முன்னே போய்விட்டது. ‘மழை பெய்ததால்’ என்பதைப் போல வினையின் வாலில் காரணம் ஒட்டிக்கொண்டிருந்தால் அதை உடைத்துத் தனி வாக்கியமாக எழுதுங்கள். எல்லாக் கூற்றுகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, முடிவை அடியில் வையுங்கள்.

இத்தீவு அறிந்த ஒரு வாதத்தையே எடுத்துக்கொள்வோம். இங்குள்ள ரூபாய் நோட்டுகளில் மொழிகளின் வரிசை ஆங்கிலம், தமிழ், இந்தி என்று இருந்துவந்தது. 1998இல் வெளிவந்த புதிய நோட்டுகளில் தமிழும் இந்தியும் இடம் மாறின. தமிழர்கள் கொதித்தெழுந்தார்கள், நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டன. அப்போது முன்வைக்கப்பட்ட வாதத்தை இரண்டே வரியில் எழுதிவிடலாம்:

தமிழ் மக்கள் இத்தீவுக்கு முன்னே வந்தவர்கள்.
ஆகவே, நோட்டில் தமிழ் இந்திக்கு முன்னே வர வேண்டும்.

முதல் வரியின் வரலாறு உறுதியானது. 1735இல் பிரெஞ்சு ஆளுநராகப் பொறுப்பேற்ற லா பூர்தொனே காலத்திலேயே புதுச்சேரிப் பக்கத்திலிருந்து கைவினைஞர்கள் இங்கே வந்தார்கள். இந்தி பேசும் வட இந்தியாவிலிருந்து பெரும்பாலோர் வந்த ஒப்பந்தக் கூலிகளின் பெருவரத்து 1834க்குப் பிறகுதான் தொடங்குகிறது. ஆனால் முதல் வரியிலிருந்து இரண்டாம் வரிக்குப் போக வழி இல்லை. முன்னதில் ‘வந்தார்கள்’ இருக்கிறது. பின்னதில் ‘வேண்டும்’ இருக்கிறது. இடையில் ஒரு எடுகூற்று மறைந்து நிற்கிறது. அதை வெளியே இழுத்து எழுதினால் இப்படி இருக்கும்: ‘எந்த இரண்டு மொழிகளை எடுத்தாலும், எந்த மொழியின் மக்கள் முன்னே வந்தார்களோ அந்த மொழியே முன்னே அச்சாக வேண்டும்.’

இப்போது வாதம் பிழையின்றி ஓடுகிறது. கூடவே ஒரு சங்கடமும் வெளிச்சத்துக்கு வருகிறது. ஆங்கிலேயர் இத்தீவைக் கைப்பற்றியது 1810இல். அந்த எடுகூற்றை ஒப்புக்கொண்டால் தமிழ் ஆங்கிலத்துக்கும் முன்னே வர வேண்டும்! அப்படி யாரும் கேட்கவில்லை. விதியை ‘இந்திய மொழிகளுக்குள்’ என்று சுருக்கலாம். ஆனால் ஏன் சுருக்கினீர்கள் என்ற கேள்விக்குப் பதில் வேண்டும். என் கருத்தில், அன்றைக்கு இதைவிட வலுவான வாதம் ஒன்று கைவசம் இருந்தது: ‘நெடுநாள் நிலைத்த வரிசையைத் தக்க காரணம் சொல்லாமல் மாற்றக் கூடாது, காரணம் சொல்லப்படவில்லை, ஆகவே மாற்றியது தவறு.’ இதற்கு யார் எப்போது கப்பலேறினார்கள் என்ற கணக்கே தேவையில்லை. இரண்டும் ஒரே கோரிக்கையில் முடிந்தாலும் வடிவத்தால் வேறு வாதங்கள். ஒன்றை மறுத்தவர் மற்றொன்றை மறுத்தவர் ஆகமாட்டார்.

மறைந்த எடுகூற்றை எழுதும்போது நேர்மை முக்கியம். எதிராளியின் வாதம் என்றால் அதற்கு மிக நல்ல எடுகூற்றைக் கொடுங்கள். மோசமானதைக் கொடுத்து அடித்து வீழ்த்துவது எளிது, பயன் இல்லை.

படி 2: தருக்கச் சொற்களை வட்டமிடுங்கள்

எல்லா, ஒவ்வொரு, சில, ஒரு, யாரும், இல்லை, அல்ல, அல்லது, என்றால், மட்டும், தவிர: இவை வடிவத்தைத் தாங்கும் சொற்கள். தமிழில் இவற்றில் பாதி தனிச் சொற்களாக நிற்பதில்லை. -உம், -ஓ, -ஆல், -ஆவது என்று ஒட்டிக்கொண்டு வரும். அவற்றையும் விடாமல் வட்டமிடுங்கள்.

-உம் ஒன்றே ஒரு பெரிய பாடம். தொல்காப்பியம் அதற்கு எட்டுப் பொருள் சொல்கிறது. அவற்றில் மூன்று நமக்கு உடனே வேண்டும். ‘எல்லாரும்’ என்பதில் இருப்பது முற்றும்மை. ஒருவர் விடாமல் என்று பொருள். ‘வேலுவும் மீனாவும்’ என்பதில் எண்ணும்மை. இரண்டு கூற்றுகளை இணைப்பது. ‘மீனாவும் வந்தாள்’ என்பதில் எச்ச உம்மை. வேறு யாரோ வந்ததாகவும் சொல்லாமல் சொல்வது. பள்ளியில் இதை மனப்பாடம் செய்து மறந்திருப்போம். வடிவம் தேடுகிறவருக்கு இதைவிடக் கூர்மையான தொடக்கம் கிடைக்காது.

எண்ணும்மையிலும் ஒரு பொறி உண்டு. ‘ரோஸ் ஹில்லும் கியூர்ப்பிப்பும் பிளேன் வில்ஹெம்ஸ் மாவட்டத்தில் இருக்கின்றன’ என்பதை இரண்டாக உடைக்கலாம்: ரோஸ் ஹில் அங்கே இருக்கிறது, கியூர்ப்பிப் அங்கே இருக்கிறது. ‘வேலுவும் சரவணனும் அண்ணன் தம்பி’ என்பதை அப்படி உடைக்க முடியாது. இலக்கணத்தில் ஒரே அச்சு. முதலாவது இரண்டு கூற்றுகளின் இணைப்பு, இரண்டாவது இருவருக்கு இடையிலான ஓர் உறவு.

‘மட்டும்’ திசையைத் திருப்பும் சொல். ‘விரதம் இருந்தவர்கள் மட்டும் காவடி எடுக்கலாம்’ என்றால், காவடி எடுப்பவர் எவரானாலும் விரதம் இருந்தவராக இருக்க வேண்டும் என்று பொருள். விரதம் இருந்தவர்களுக்கெல்லாம் காவடி உண்டு என்ற உறுதி அதில் இல்லை. ‘ஆனால்’, ‘ஆயினும்’ ஆகியவற்றைத் தருக்கக் கணக்கில் வெறும் ‘மற்றும்’ என்றே எழுதுங்கள். முரண்படுவது போன்ற தொனி கேட்பவருக்கானது, உண்மை பொய்யை அது தொடுவதில்லை.

படி 3: பொருட்சொற்களை எழுத்துகளாக்கிச் சோதியுங்கள்

அரிஸ்டாட்டில் கி.மு. 4ஆம் நூற்றாண்டில் செய்த இந்தக் காரியம் பார்க்கச் சிறிது. அதன் விளைவோ மிகப் பெரிது. மனிதன், குதிரை என்று எழுத வேண்டிய இடத்தில் எழுத்துகளை வைத்தார். நாமும் வைப்போம்.

காவடி எடுப்பவர்கள் எல்லோரும் பத்து நாள் விரதம் இருக்கிறார்கள்.
சரவணன் பத்து நாள் விரதம் இருக்கிறான்.
ஆகவே, சரவணன் காவடி எடுக்கிறான்.

தைப்பூசத்துக்கு முந்திய வாரத்தில் இப்படிச் சொல்பவரை மறுக்க மனம் வராது. பெரும்பாலும் முடிவும் உண்மையாகவே இருக்கும். எழுத்துகளை வையுங்கள்: எல்லாக் ‘க’வும் ‘ப’, ‘ச’ ஒரு ‘ப’, ஆகவே ‘ச’ ஒரு ‘க’. இதே அச்சில் வேறு சொற்களை நிரப்புங்கள். போர்ட் லூயிஸில் வாழ்பவர்கள் எல்லோரும் மொரீஷியஸில் வாழ்கிறார்கள். கியூர்ப்பிப்பில் வாழும் மீனாவும் மொரீஷியஸில் வாழ்கிறாள். ஆகவே மீனா போர்ட் லூயிஸில் வாழ்கிறாள். எடுகூற்றுகள் உண்மை, முடிவு பொய். ஒரே ஒரு எதிர்க்காட்டு போதும். அந்த வடிவம் செல்லாது. சரவணனின் அம்மாவும் அவனோடு சேர்ந்து விரதம் இருக்கலாம் என்பதை நினைத்தால் காவடி வாதத்தின் ஓட்டையும் தெரிந்துவிடும்.

மறுபக்கமும் உண்டு. ‘எல்லாத் தீவுகளும் பாலைவனம், ரொட்ரிக்ஸ் ஒரு தீவு, ஆகவே ரொட்ரிக்ஸ் பாலைவனம்.’ அபத்தம்தான். ஆனால் வடிவம் செல்லும். கோளாறு முதல் எடுகூற்றில் இருக்கிறது. வடிவம் பழுதா, எடுகூற்று பழுதா என்று பிரித்துச் சொல்லத் தெரிந்தாலே பாதி விவாதங்கள் சுருங்கிவிடும்.

இங்கே ஒரு இடைக்குறிப்பு. நம் மரபிலும் இதெல்லாம் அப்படியே இருந்தது என்று மேடையில் சொல்பவர்கள் மணிமேகலையை எடுத்துக்காட்டுவார்கள். மணிமேகலையில் அளவை நூல், அதாவது வாதமுறையைச் சொல்லும் பகுதி, இருப்பது உண்மை. 29ஆம் காதையில் பக்கம் (நிறுவ வேண்டியது), ஏது (காரணம்), திட்டாந்தம் (எடுத்துக்காட்டு), உபநயம் (பொருத்திக் காட்டல்), நிகமனம் (முடிவு) என ஐந்து உறுப்புகள் வருகின்றன. இம்மலை நெருப்புடையது, புகை உடைமையால், அடுக்களை போல. ஆனால் அந்த அடுக்களையைக் கவனியுங்கள். எல்லோரும் ஏற்கும் ஓர் உண்மையான எடுத்துக்காட்டு இல்லாமல் அந்த வாதம் நிற்காது. பொருளை முழுக்க விலக்கி வெறும் அச்சை மட்டும் வைத்துக்கொள்ளும் எண்ணம் அங்கே இல்லை. ஏதுப் போலி, திட்டாந்தப் போலி என்று போலிகளை (சரிபோலத் தோன்றும் பிழைகளை) வகைப்படுத்தியிருக்கும் நுணுக்கத்துக்காக அதைப் படிக்கலாம். அரிஸ்டாட்டிலின் நகல் என்று சொன்னால் இரண்டுக்கும் அநியாயம்.

படி 4: எது எதை ஆள்கிறது என்று பாருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

‘எல்லாப் பஸ்களும் ரோஸ் ஹில்லில் நிற்பதில்லை.’ ஒரு பஸ்கூட நிற்காதா? அல்லது சில நிற்கும், சில நிற்காதா? இரண்டு பொருளுக்கும் இடம் உண்டு. இரண்டு தருக்கச் சொற்கள் இதில் மோதுகின்றன: ‘எல்லா’, ‘இல்லை’. ‘எல்லா’ வெளியே நின்று ‘இல்லை’யை ஆண்டால்: ஒவ்வொரு பஸ்ஸும் நிற்காத பஸ். ‘இல்லை’ வெளியே நின்றால்: எல்லாமும் நிற்கும் என்பது உண்மை இல்லை. ஒரு சொல் தனக்குக் கீழே எவ்வளவு தூரம் ஆள்கிறதோ அதையே அதன் வீச்சு என்கிறோம்.

முற்றும்மை எச்சமாகவும் வரும் என்று தொல்காப்பியத்தின் சொல்லதிகாரம் ஒரு விதி செய்திருக்கிறது. நன்னூலும் அதை வழிமொழிகிறது. உரையில் வரும் எடுத்துக்காட்டு ‘பத்தும் கொடால்’. பத்தையும் கொடுத்துவிடாதே, சிலவற்றைக் கொடு என்று பொருள். எதிர்மறை வந்து முற்றும்மையைத் தன் வீச்சுக்குள் இழுத்துக்கொள்வதை அவர்கள் கண்டிருக்கிறார்கள். வீச்சு என்ற கலைச்சொல் அவர்களிடம் இல்லை. நிகழ்வைத் துல்லியமாகப் பிடித்துவிட்டார்கள்.

‘ஒவ்வொரு’, ‘ஒரு’ போன்ற அளவுச் சொற்கள் இரண்டு சேர்ந்தாலும் இதே கதை. ‘காவடி எடுக்கும் ஒவ்வொருவரும் ஒரு பொறுப்பாளரிடம் பெயர் கொடுக்க வேண்டும்.’ எல்லோருக்கும் ஒரே பொறுப்பாளரா, ஆளுக்கொரு பொறுப்பாளராக இருந்தாலும் சரியா? முதலாவதை இப்படி எழுதுங்கள்: ஒரு பொறுப்பாளர் இருக்கிறார், ஒவ்வொருவரும் அவரிடமே பெயர் கொடுக்க வேண்டும். இரண்டாவது: ஒவ்வொருவருக்கும் ஏதோ ஒரு பொறுப்பாளர் இருந்தால் போதும். முதலாவது உண்மையானால் இரண்டாவதும் உண்மை. திருப்பிச் சொல்ல முடியாது. ‘இந்தக் கோயிலில் எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் உண்டு, ஆகவே எல்லாவற்றுக்கும் காரணமான ஒன்று உண்டு’ என்று ஆன்மிகச் சொற்பொழிவுகளில் கேட்டிருப்பீர்கள். அந்த முடிவு சரியோ தவறோ, அதற்கு அங்கே சொல்லப்படும் வாதம் வீச்சை மாற்றிப்போட்ட வாதம்.

அரிஸ்டாட்டிலின் அச்சுகளால் இதைக் காட்ட முடியாது. எழுவாய், பயனிலை என்று வாக்கியத்தை இரண்டாக வெட்டினால் ‘ஒவ்வொருவரும்’, ‘ஒரு பொறுப்பாளர்’ இரண்டின் வரிசையை வைக்க இடமே இல்லை. 1879இல் ஃபிரேகே என்ற ஜெர்மானியக் கணிதவியலாளர் வெளியிட்ட சிறு நூல்தான் அந்த வெட்டைக் கைவிட்டு, அளவுச் சொற்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கும் குறியீட்டைக் கொண்டுவந்தது.

‘யாரும் வரவில்லை’ என்பதில் ‘யாரும்’ எழுவாய் இடத்தில் அமர்ந்திருக்கிறது. வராமல் போன அந்த ‘யாரும்’ யார் என்று குழந்தைகூடக் கேட்காது. இலக்கணம் அதை ஒரு ஆளைப் போல நடத்துகிறது. தருக்கத்தில் அது ஆளே இல்லை.

படி 5: ‘இன்றைய ராணி’யை உடைத்துப் பாருங்கள்

1905இல் ரஸ்ஸல் என்ற ஆங்கிலேயத் தத்துவவாதி, பிரான்ஸின் இன்றைய அரசர் வழுக்கைத் தலையர் என்ற வாக்கியத்தை வைத்துத் தத்துவ உலகை ஆட்டிவைத்தார். அப்போது பிரான்ஸுக்கு அரசர் இல்லை. நமக்கு இன்னும் பக்கத்தில் ஓர் எடுத்துக்காட்டு கிடைக்கிறது. 1968 மார்ச் 12 முதல் 1992 மார்ச் 12 வரை இத்தீவின் அரசி இரண்டாம் எலிசபெத். அதன் பிறகு குடியரசு. 1991இல் ‘மொரீஷியஸின் இன்றைய ராணி உயரமானவர்’ என்று ஒருவர் சொல்லியிருந்தால் சரி, தவறு என்று வாதிட ஓர் ஆள் இருந்தார். இன்று அதே வாக்கியத்தைச் சொன்னால்?

ரஸ்ஸலின் வழி இது. ‘மொரீஷியஸின் இன்றைய ராணி’ என்பதைப் பெயராக எண்ணாதீர்கள். முழு வாக்கியத்தையும் மூன்று கூற்றுகளாக விரியுங்கள்: மொரீஷியஸின் ராணியாக இன்று ஒருவராவது இருக்கிறார், ஒருவருக்கு மேல் இல்லை, அப்படி இருப்பவர் உயரமானவர். முதல் கூற்றே பொய். ஆகவே வாக்கியம் பொய். ‘ராணி உயரமானவர் அல்லர்’ என்பதற்கு இப்போது இரண்டு வடிவங்கள்: ராணி ஒருவர் இருக்கிறார், அவர் உயரம் இல்லை (பொய்), உயரமான ராணி ஒருவர் இருக்கிறார் என்பது உண்மை இல்லை (மெய்). மறுபடியும் வீச்சுதான்.

வாக்கியத்தின் வெளித்தோற்ற வடிவம் அதன் மெய்யான வடிவமாக இருக்க வேண்டியதில்லை என்று காட்டியது ரஸ்ஸலின் சாதனை என்று 1921இல் அவருடைய மாணவர் விட்கென்ஸ்டைன் எழுதினார். 1950இல் ஸ்ட்ராசன் என்ற தத்துவவாதி ரஸ்ஸலை மறுத்தார்: ராணியே இல்லாதபோது அந்த வாக்கியம் பொய்யும் ஆகாது, மெய்யும் ஆகாது, கேள்வியே எழவில்லை. அன்றாடப் பேச்சுக்கு ஸ்ட்ராசன் பொருந்துகிறார். ஒப்பந்தம், சட்டம், விண்ணப்பப் படிவம் ஆகியவற்றைப் படிக்க ரஸ்ஸல் வழியே எனக்கு உதவுகிறது.

படி 6: வினையைத் தொட வேண்டியிருந்தால்

‘வேலு நேற்று மேபூரில் கத்தியால் தேங்காய் உடைத்தான்.’ இதிலிருந்து வேலு தேங்காய் உடைத்தான் என்பது தொடரும். யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் எந்த வடிவத்தால் தொடர்கிறது? 1967இல் டேவிட்சன் என்ற தத்துவவாதி தந்த விடை: வாக்கியம் ஒரு நிகழ்வைப் பற்றியது. ஒரு நிகழ்வு உண்டு, அது தேங்காய் உடைத்தல், செய்தவன் வேலு, அது நேற்று நடந்தது, மேபூரில் நடந்தது, கத்தியால் நடந்தது. ‘மற்றும்’ போட்டு இணைத்த பட்டியலில் எதையும் உதிர்க்கலாம். ‘கிட்டத்தட்ட உடைத்தான்’ என்பதில் மட்டும் உதிர்த்துப் பார்க்காதீர்கள். அது இந்தப் பட்டியலில் சேராது.

படி 7: எங்கே நிறுத்துவது

‘செல்லம்மா என் அக்காள், ஆகவே செல்லம்மா ஒரு பெண்.’ நிச்சயமாகத் தொடரும். எழுத்துகளை வைத்தால் ‘ச’ ஒரு ‘அ’. ஆகவே ‘ச’ ஒரு ‘ப’ என்று ஆகிவிடும். வடிவத்தால் ஒன்றும் தொடராது. இங்கே வேலை செய்வது அக்காள் என்ற சொல்லின் பொருள். அப்படியானால் எவை தருக்கச் சொற்கள், எவை பொருட்சொற்கள்? 1936இல் தருக்கத் தொடர்ச்சிக்கு (எதிலிருந்து எது தொடரும் என்பதற்கு) வரையறை தந்த தருக்கவியலாளர் டார்ஸ்கி, இந்தக் கோட்டை எங்கே கிழிப்பது என்பதைத் திறந்த கேள்வியாகவே விட்டார். 49ஆம் பிரிவில் வரும் ‘பேசலாம்’ தருக்கச் சொல்லா? அனுமதியையும் கடமையையும் கணக்கிடும் தருக்கங்களில் ஆம், மற்றவற்றில் இல்லை. எந்த வாதத்தைச் சோதிக்கிறோமோ அதற்கு வேண்டிய அளவு கோட்டை நகர்த்திக்கொள்வதே நடைமுறை.

இன்னொரு எச்சரிக்கை. மொழியியல் நூல்களில் இதே பெயரைப் பார்த்தால் வேறொன்று பேசப்படலாம். மொழியியலாளர் சோம்ஸ்கியின் வழியில், குறிப்பாக 1977இல் ராபர்ட் மே என்ற மொழியியலாளரின் ஆய்வுக்குப் பிறகு, அது மனத்துக்குள் வாக்கியம் உருவாகும்போது அளவுச் சொற்கள் இடம்பெயர்ந்து நிற்கும் ஒரு தொடரமைப்பு நிலை. தத்துவவாதி கேட்பது எதிலிருந்து எது தொடரும் என்று. மொழியியலாளர் கேட்பது பேசுபவரின் மூளையில் எந்த அமைப்பு இருக்கிறது என்று.

பயிற்சிக்கு மூன்று

‘சனிக்கிழமை அலுவலகம் நாள் முழுவதும் திறந்திருக்காது.’ நான்காம் படியைப் போடுங்கள். ‘முழுவதும்’ வெளியே நின்றால் கதவு திறக்கவே இல்லை. எதிர்மறை வெளியே நின்றால் மதியம்வரை திறந்திருக்கலாம். அறிவிப்பு எழுதுபவர் ‘மதியம் 12 வரை மட்டும்’ என்று எழுதியிருந்தால் ஒருவருக்கும் பஸ் கட்டணம் வீணாகாது.

‘சாவி வேலுவிடமோ மீனாவிடமோ இருக்கிறது, மீனாவிடம் இல்லை, ஆகவே வேலுவிடம் இருக்கிறது.’ செல்லும். ‘மீனாவிடம் இருக்கிறது, ஆகவே வேலுவிடம் இல்லை’ என்று திருப்பினால்? -ஓ இருவரிடமும் இருப்பதை விலக்குகிறதா என்று முதலில் முடிவுசெய்ய வேண்டும். சாவி ஒன்றே ஒன்று என்ற எடுகூற்றைச் சேர்த்து எழுதினால் சிக்கல் தீரும்.

‘பெற்றோருடன் வரும் குழந்தைகளுக்கு மட்டும் அனுமதி.’ தனியாக வரும் குழந்தைக்கு அனுமதி இல்லை என்பது தெளிவு. அழைத்து வந்த அப்பா உள்ளே போகலாமா? எழுதிய வடிவத்தின்படி, குழந்தையாக இல்லாத எவருக்கும் அனுமதி கிடையாது. அப்பா வாசலிலேயே நிற்க வேண்டியதுதான்.